அல்ஜீப்ராவுக்கு முந்தின நாள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். தாராவியில் முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் ஆர்டர் நோட்டில் "பெட்டி 2, குழாய் 4, மைக் 1" என்று எழுதத்தான். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்னும் தடுமாற்றம் உண்டு. பிழை இருந்தால் படிக்கிறவர்களே திருத்திக்கொள்ளவும். மகளிடம் கொடுத்துத் திருத்தலாம் என்றால், அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அதுவும் போக, இது அவளைப் பற்றியது. படித்தால் "என் மார்க்கையெல்லாம் ஏன் எழுதினே" என்று சண்டைக்கு வருவாள்.

என் தொழில் சத்தம். கோயில் கொடைத் திருவிழா, கல்யாணம், ஜெபக்கூட்டம், காதுகுத்து எதுவானாலும் மைக் செட்டு கட்டுவேன். ஆனால் ஆள் நான் சத்தம் இல்லாதவன். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கடையில் நின்று தேங்காய் கேட்டால் கடைக்காரர் மூன்று தடவை "என்ன, என்ன" என்பார். "இந்த மனுஷன் ஊருக்கெல்லாம் மைக் கட்டுதாரு, வீட்டுல ஒண்ணு கட்டுனாத்தான் இவரு பேசுதது நமக்குக் கேக்கும்" என்று என் வீட்டுக்காரி பக்கத்து வீட்டில் சொல்வாள். அதையும் நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பேசினாலும் பாதி வாக்கியம்தான் வரும். மீதியைக் கேட்கிறவர்களே சேர்த்துக்கொள்வார்கள். அவர்கள் சேர்த்துக்கொள்வது பெரும்பாலும் அவர்களுக்கு வேண்டியதாக இருக்கும். ஒரு தடவை "இந்தப் பெஞ்சு எங்க வீட்டுப்..." என்று ஆரம்பித்தேன். எங்கள் வீட்டுப் பெஞ்சைத் திரும்ப வாங்கப் போனவன், அதைக் கோயிலுக்கு உபயமாகக் கொடுத்ததாகக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

எங்கள் சந்து தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே போகிறது. ஒரு முனையில் அம்மன் கோயில், மறுமுனையில் கிறிஸ்தவச் சபை. நடுவே அறுபத்திரண்டு எட்டு நடை. வயர் இழுக்கிறவன் என்பதால் எனக்கு அந்தக் கணக்கு தெரியும். ஏறக்குறைய மத்தியில் என் கோலி, அதாவது வீடு. பத்துக்குப் பத்து அறை, அதற்கு மேலே ஏணி போட்டு ஏறுகிற பலகை மாடி. அந்த மாடியில்தான் மகள் படிப்பாள், தூங்குவாள், எங்களோடு கோபித்துக்கொண்டால் ஏணியையும் மேலே இழுத்துக்கொள்வாள்.

நான் தொழில் ஆரம்பித்தபோது என்னிடம் ஒரே ஒரு ஆம்ப்ளிஃபயர்தான் இருந்தது. கோயிலுக்கும் சபைக்கும் அதே மிஷின், அதே மைக். அதனால் இரண்டு பேரும் முறை வைத்துக்கொண்டார்கள். கோயிலில் ஆறு மணிக்குத் தீபாராதனை முடியும். நான் மிஷினைத் தலையில் வைத்துக்கொண்டு சந்து வழியாக நடப்பேன். ஏழு மணிக்கு அங்கே பாட்டு ஆரம்பிக்கும். கோயிலிலிருந்து வருகிற பெண்கள் "சீக்கிரம் போங்கண்ணே, அங்க ஏசு காத்துக்கிட்டு இருக்காரு" என்பார்கள். சபைப் பையன்கள் கோயிலுக்கே வந்து பெட்டிக்கு ஒரு கை கொடுப்பார்கள், அப்படியே இலையில் சுண்டலும் வாங்கிக்கொள்வார்கள். அன்றைக்கு இரண்டு இடத்திலும் கூட்டம் தாங்காது. கொடைக்குப் பெண்கள் வரிசை ரோடு வரை நிற்கும். சபையில் உட்கார இடமில்லாமல் வெளியே பாய் போடுவார்கள்.

பிறகு நான் இரண்டாவது செட்டு வாங்கினேன். வாங்கின அன்று சந்தனம் பூசிக் கும்பிட்டேன். இனி ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் கட்டலாம் என்று சந்தோஷம். எங்கள் சந்தில் சண்டை போடுவதற்கு அதுவரை சாமான் இல்லாமல் இருந்தது. அதைக் கொண்டுவந்து இறக்கியவன் நான்தான் என்பது மெதுவாகத்தான் புரிந்தது.

அதே சமயத்தில் கூட்டம் குறைய ஆரம்பித்தது. வசதி வந்தவர்கள் நெருள், சான்பாடா, ஐரோலி என்று நவி மும்பைப் பக்கம் போய்விட்டார்கள். அவர்கள் போனில் சாமி பார்க்கிறார்கள், போனிலேயே ஜெபத்துக்கும் உட்காருகிறார்கள். போகாதவர்களும் வீட்டில் படுத்தபடி அதையே செய்கிறார்கள். செவ்வாய்க்கிழமை பூஜைக்கு இப்போது பூசாரி, பூசாரியின் சம்சாரம், ஒரு பூனை. சபையில் அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஒன்பதைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். வீடியோவில் நிறையத் தெரியட்டும் என்று அந்த ஒன்பதையும் கேமராவுக்குப் பக்கத்தில் நெருக்கிப் போடுவார்கள். கோயிலில் அந்தத் தொந்தரவு இல்லை, கேமராவை அம்மன் முகத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

ஆள் குறையக் குறைய ஸ்பீக்கர் பெட்டி கூடியது. இரண்டு பெட்டி நாலாயிற்று, நாலு எட்டாயிற்று. முதலில் பெட்டிகள் ஜனங்களைப் பார்த்து இருந்தன. பிறகு "கொஞ்சம் அந்தப் பக்கமாத் திருப்பி வையும்" என்று கோயிலில் சொன்னார்கள். அதே வாரம் சபையிலும் "இந்தப் பக்கமாத் திருப்புங்க" என்றார்கள். இப்போது அம்மனின் பெட்டியும் சபையின் பெட்டியும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. நடுவில் என் வீடு.

கோயில் வாசலில் செருப்புக் கழற்றியே பார்த்திராத பையன்கள், சாமியை எவனோ எங்கோ ஏதோ சொல்லிவிட்டான் என்று போனைப் பார்த்துக் கொதிக்கிறார்கள். சபைப் பையன்களும் சளைத்தவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எழுப்பினால் போர்வையை இழுத்து மூடுவார்கள். ஆனால் சந்தில் யார் யார் நரகத்துக்குப் போவார்கள் என்று வீட்டு நம்பர் வாரியாகச் சொல்வார்கள். கும்பிடத்தான் ஆள் இல்லை, கோபப்படுவதற்கு இருக்கிறார்கள்.

கோயில் செயலாளர், பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். சபை மூப்பர், ரயில்வேயில் டிக்கெட் கவுண்டரில் இருந்தவர். செயலாளரின் தங்கையைக் கட்டியவர்தான் மூப்பர். பொங்கலுக்கு இவர் வீட்டிலும் கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டிலும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். குடும்ப வாட்ஸப் குரூப்பில் செயலாளர், சபைக்காரர்களைத் திட்டி எவனோ அனுப்பினதை அப்படியே தள்ளிவிட்டார். மூப்பர் பதிலுக்கு வேறொருவன் அனுப்பினதைத் தள்ளிவிட்டார். இரண்டு பேருமே தாங்கள் அனுப்பினதை முழுசாகப் படிக்கவில்லை என்று தங்கச்சி சொல்கிறார். அன்றிலிருந்து இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. எதிரெதிரே வந்தால் இரண்டு பேரும் என் வீட்டுச் சுவரைப் பார்த்தபடி கடந்து போவார்கள். அந்தச் சுவரில் மின்சார மீட்டரைத் தவிர ஒன்றும் இல்லை.

இப்போது மகள் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் அவளுக்குப் பத்தாம் வகுப்பு. என் பக்கத்திலும் என் வீட்டுக்காரி பக்கத்திலும் அந்த வகுப்பை எட்டிப் பார்த்த முதல் ஆள் அவள்தான். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ சேர வேண்டும் என்று ஆசை. பள்ளிக்கூடத்தில் வைத்த முன்பரீட்சையில் அல்ஜீப்ராவில் நாற்பதுக்குப் பதினொன்று. கணக்கில் தவறினால் டிப்ளமோவும் இல்லை, ஒன்றும் இல்லை. மீதிப் பாடம் எல்லாம் அவளுக்குக் கவலை இல்லை. இந்த ஒன்றில்தான் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது.

பக்கத்துத் தையல் மிஷின் சத்தத்திலும் எதிர்வீட்டுக் குழந்தை அழுகையிலும் படித்து வளர்ந்தவள் அவள். ஆனால் என் பெட்டி அதிர்ந்தால் பலகை மாடியும் அதிரும். காம்பஸ் பாக்ஸ் தானாக நகர்ந்து ஓரத்துக்குப் போய்க் கீழே என் வீட்டுக்காரியின் குழம்புச் சட்டிக்குள் விழுந்த நாளும் உண்டு.

கோயில் கொடை ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. சபைக்காரர்கள் அதே ஞாயிறு சாயங்காலம் விசேஷக் கூட்டம் வைத்தார்கள். திங்கட்கிழமை காலையில் அல்ஜீப்ரா.

"அப்பா, சண்டே ஒரு நாள் மட்டும் பந்த் பண்ணச் சொல்லு யார்" என்றாள் மகள்.

"அப்பாவப் போயி, கூட்டாளியக் கூப்புடுத மாதிரி, யார்ங்கே!" என்று அதட்டினாள் என் வீட்டுக்காரி.

"ஒரே ஒரு நாள்ப்பா. அந்த ஒரு நாள்ல சம்ஸ் எல்லாம் திரும்பப் போட்டுப் பாத்துருவேன். நீதானே கட்டுற, நீ சொன்னா கேக்க மாட்டாங்களா?"

ஐரோலியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு அனுப்பலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமை ரயில்வேயில் மெகா பிளாக், தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்திவிடுவார்கள். போனவள் பரீட்சைக்கு வந்து சேருவாளோ மாட்டாளோ. சொல்லித்தான் பார்ப்போம் என்று முதலில் செயலாளரிடம் போனேன்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம சத்தத்தக் கொஞ்சம்..."

"கூட்டணுமா? அதத்தாம்வே நானும் நெனச்சிக்கிட்டு இருந்தேன். அந்தப் பக்கம் எட்டுப் பெட்டியாம். நீரு பத்தாப் போடும்."

அங்கிருந்து மூப்பரிடம் போனேன்.

"ஐயா, ஞாயித்துக்கெழம என் மகளுக்கு..."

"மகளுக்குத்தானே? கண்டிப்பா ஜெபிப்போம் பிரதர். மைக்குலயே பேரச் சொல்லி ஜெபிப்போம். அது கெடக்கட்டும், அங்க எத்தன பெட்டி?"

"பத்து."

"அப்ப நமக்குப் பன்னெண்டு."

குறைக்கச் சொல்லப் போனவன் இருபத்திரண்டு பெட்டிக்கு ஆர்டர் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "இன்னும் நாலு எடத்துல போயிக் கேளுங்க. பம்பாயில உள்ள பெட்டியெல்லாம் நம்ம சந்துக்கு வந்துரும்" என்றாள் என் வீட்டுக்காரி. மகள் ஏறிப்போய் ஏணியை மேலே இழுத்துக்கொண்டாள்.

அன்று முழுக்க யோசித்தேன். எனக்கு வாய்தான் இல்லை, புத்தி கொஞ்சம் உண்டு. மறுநாள் காலையில் இரண்டாவது ஆம்ப்ளிஃபயரைக் கோணியில் சுற்றிக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். ரோட்டு மேல் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர். தென்காசிப் பக்கத்துக்காரர். என் மிஷின்களுக்கு இருபது வருஷமாக அவர்தான் வைத்தியர்.

கழற்றினார், மீட்டர் வைத்துப் பார்த்தார், திரும்ப மூடினார். "ஒரு கேடும் இல்லயே தம்பி. ஒன்ன விட நல்லா இருக்கு."

"இருக்கட்டும் பாய். ஒரு நாலு நாளு இங்கயே..."

பாய்க்கு மட்டும் என் பாதி வாக்கியம் புரியும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"யார் கேட்டாலும் பார்ட் வரணும்னு சொல்லிருதேன்" என்றார். பிறகு சிரித்தார். "எங்க பள்ளிவாசல்ல குழாயே எறக்கியாச்சு. இப்ப பாங்கு சொல்லுறதுக்குப் போன்ல ஆப் வந்துருக்கு. எம் மருமவன் வச்சிருக்கான். அஞ்சு வேளையும் அது கூப்பிடுது, அஞ்சு வேளையும் அலாரத்த நிறுத்துத மாதிரி நிறுத்திட்டு மறுபக்கம் திரும்பிப் படுக்கான். ஆனா எவனாவது அந்த ஆப்ப பத்தி ஒரு வார்த்த சொல்லட்டும், கைய மடக்கிக்கிட்டு வந்துருவான்."

ஒரு செட்டுதான் இருக்கிறது என்ற செய்தியைச் சந்தில் சொன்னேன். பழைய காலம் மாதிரி முறை வைத்துக்கொள்வார்கள், ஓர் இடத்தில் கழற்றி இன்னோர் இடத்தில் கட்டுகிற நேரத்தை நான் சவ்வாக இழுக்கலாம் என்பது என் திட்டம். வயர் சுருட்டவே ஒரு மணி நேரம் ஆக்கிவிடலாம்.

யாருக்கு முதலில் என்பதில் வழக்கு வந்தது. அவர்கள் நேரில் பேச மாட்டார்களே, அதனால் நான் நடந்தேன். "மூணு மணிக்கு விட்டுரணும்னு அந்த ஆளுகிட்டச் சொல்லுங்க" என்பார் மூப்பர். "அஞ்சுக்கு முன்னாடி விட முடியாதாம் ஐயா." "அஞ்சுன்னா அஞ்சு அடிக்கும்போது கையில இருக்கணும்னு சொல்லுங்க பிரதர்." இப்படிப் பதினொரு தடவை சந்தின் இரண்டு முனையையும் தொட்டேன். கடைசியில், சனிக்கிழமை உபவாச ஜெபத்துக்குச் சபையில், ஞாயிறு மதியம் முதல் ஐந்து வரை கோயிலில், ஏழு மணிக்குத் திரும்பச் சபையில் என்று முடிந்தது.

ஆனால் ஒரு புதுப் பிரச்சினை வந்தது. முன்பு வருஷக்கணக்கில் இதே மாதிரி மிஷின் போய்வந்தபோது யாருக்கும் தோன்றாதது, இப்போது இரண்டு பேருக்கும் தோன்றியது. அந்தப் பக்கம் போன மிஷினை அப்படியே எப்படித் தொடுவது?

சனிக்கிழமை மிஷினைச் சபையில் இறக்கினேன். மூப்பர் ஒரு சின்னப் புட்டியைத் திறந்தார். ஜெபித்த எண்ணெய். "விக்கிரகத்துக்குப் பாடுன மிஷின் பிரதர். அபிஷேகம் பண்ணித்தான் ஆகணும்."

"ஐயா, மேல காத்துப் போறதுக்கு ஓட்ட..."

"ஓட்ட எதுக்கு பிரதர், சும்மா மேலயே தடவுவோம்" என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு, புட்டியைக் கவிழ்த்தபடியே நீண்ட ஜெபம் செய்தார். கண் மூடியிருந்ததால் எண்ணெய் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அன்று இரவு துணியால் மேலே துடைத்தேன். உள்ளே போனதற்கு நான் என்ன செய்ய? ஆனாலும் மிஷின் பாடியது. எண்ணெய் மட்டும் என்றால் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும் போலிருக்கிறது.

ஞாயிறு மதியம் கோயிலில் கட்டினேன். விளக்கெல்லாம் எரிந்து, மிஷின் சூடாகிவிட்டது. பூசாரி செம்பில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக வந்தார். மிஷினின் மேல் லேசாக மூன்று சொட்டுத் தெளித்தார். பூசாரி விவரமானவர்.

"என்னவே, பன்னீரு தெளிக்கிற மாதிரித் தெளிக்கீரு?" என்றார் செயலாளர். "நேத்தெல்லாம் எங்க இருந்துட்டு வந்திருக்கு தெரியும்லா? நல்லா உள்ள போவட்டும்."

"அண்ணாச்சி, கரண்டு..."

"கரண்டு எங்கயும் போவாது, நம்ம ஜெனரேட்டர் இருக்கு" என்று சொல்லிச் செம்பை அவரே வாங்கிக் கவிழ்த்துவிட்டார்.

டப்பென்று ஒரு சத்தம். பிறகு கீழிருந்து வெள்ளைப் புகை வந்தது. எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்து கருகி, சாம்பிராணி மாதிரியே ஒரு வாசனை. முன்னால் நின்ற ஓர் அம்மாவுக்கு அருள் வந்துவிட்டது. "ஆத்தா எறங்கிட்டா!" என்று ஒருவர் குலவை போட்டார். நான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். அத்தோடு அந்த அம்மாவுக்கும் அருள் மலையேறிவிட்டது.

செய்தி சபைக்குப் போக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "தண்ணிய ஊத்தி எரிச்சுட்டாங்க" என்று அங்கே. "அவன் எண்ணெய ஊத்துனதுலதான் எரிஞ்சிருக்கு" என்று இங்கே. அப்போதுதான் யாரோ ஒருவன், "இன்னொரு மிஷின் பாய் கடையில கெடக்குல்ல, அத எடுப்போம்" என்றான். சபைப் பையன்களுக்கும் அதே யோசனை. இரண்டு பக்கத்துப் பையன்களும் செயலாளரும் மூப்பரும் சந்தை விட்டு ஒரே திசையில் நடந்தார்கள். ரொம்ப நாளாக நான் பார்க்காத காட்சி அது. நான் பின்னால் ஓடினேன்.

பாய் சொன்ன சொல் மாறவில்லை. "பார்ட் வரணும். தொறந்து கெடக்கு."

"எந்த பார்ட்? காட்டுங்க" என்றான் ஒரு கோயில் பையன்.

பாய் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரால் எதையோ திருகிக்கொண்டிருந்தார். என்னை அவர் பார்க்கவே இல்லை. பார்த்தால் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று நினைத்திருப்பார்.

"ரெண்டு பேரு விசேஷமும் நடக்கக் கூடாது. அதுக்குத்தான் வேணும்னே கழட்டிப் போட்டுருக்கான்" என்றான் அதே பையன்.

"கரெக்ட் ப்ரோ" என்றான் சபைப் பையன்.

இரண்டு வருஷமாக ஒருவனை ஒருவன் ஏறிட்டுப் பார்க்காதவர்கள். அந்த 'ப்ரோ'வைக் கேட்டதும் நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். ஒருவன் போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தான். ரோட்டில் போகிறவர்களும் நின்றார்கள். என்ன விஷயம் என்று தெரியாமலே ஒருவர் "இவனுங்க இப்படித்தான்" என்றார். பாய் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஷட்டரை இழுத்து மூடுகிற கம்பியை எடுத்தார்.

வாயைத் திறந்தால் மகளுக்குக் கிடைத்த சாயங்காலம் போய்விடும். மிஷின் நன்றாக இருப்பது தெரிந்தால் அள்ளிக்கொண்டு போய் இருபத்திரண்டு பெட்டியிலும் கட்டிவிடுவார்கள். திறக்காவிட்டால் பாய் கடை என்ன ஆகும் என்று தெரியாது. நான் திறந்தேன். எனக்கே ஆச்சரியம், வாக்கியம் கடைசி வரைக்கும் வந்தது.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. பாய் மேல தப்பு இல்ல. கெட்டுப் போச்சுன்னு பொய் சொன்னது நான். என் மகளுக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்ச. அவ படிக்கணும். அதனால இன்னிக்கு யாருக்கும் செட்டுக் கட்ட மாட்டேன்."

ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

"இத எங்கிட்ட நேராச் சொல்லிருக்கலாம்லா வே?" என்றார் செயலாளர்.

"சொல்ல வந்தேன் அண்ணாச்சி. நீங்க பத்துப் பெட்டி போடச் சொன்னீங்க."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே பிரதர்" என்றார் மூப்பர்.

"உங்ககிட்டயும் வந்தேன் ஐயா. நீங்க பன்னெண்டு."

பாய்தான் முதலில் சிரித்தார். பூசாரியும் சிரித்தார், அவர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பையன் போனைக் கீழே இறக்கினான். அந்த வீடியோவில் சண்டை இல்லாததால் யாருக்கும் அனுப்பவில்லை என்று பிறகு அவனே சொன்னான். பாயிடம் அவர்களில் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் கேட்டேன். "விடு தம்பி" என்றார். ஆனால் அன்று ஷட்டரை இறக்கிவிட்டுப் போனவர், மூன்று நாள் கழித்துத்தான் திறந்தார்.

அன்று கொடை மைக் இல்லாமல் நடந்தது. சபையிலும், மிஷினுக்காக ஏழு மணி வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று, மைக் இல்லாமல் முன்கூட்டியே கூட்டம். சத்தம் இல்லாததால் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. கோயிலில் பதினாலு, சபையில் ஒன்பது. ஆறரை மணிக்குள் இரண்டும் முடிந்துவிட்டன.

மகள் மேலே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நிழலாடியது. செயலாளர். "பிள்ளைக்குக் கணக்குல சந்தேகம் இருந்தாக் கேக்கச் சொல்லும். முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்சவன் நான்" என்று சொல்லி, கேட்காமலே ஏணியில் ஏறிவிட்டார். ஐந்து நிமிஷத்தில் மூப்பரும் வந்தார். அவருக்கும் கணக்குத் தெரியுமாம். அவரும் ஏறினார். பலகை முனகியது. நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் வயது மகளின் வயதைப் போல மூன்று மடங்கு, பன்னிரண்டு வருஷம் கழித்து இரண்டு மடங்கு, இப்போது வயது என்ன என்று ஒரு கணக்கு.

"எழுதும்மா. மகளுக்குப் பதினஞ்சு, அப்பாவுக்கு நாப்பத்தஞ்சு" என்றார் செயலாளர்.

"அது தப்புன்னு அவருகிட்டச் சொல்லும்மா" என்றார் மூப்பர், சுவரைப் பார்த்து. "பத்து, முப்பது."

"முப்பது வயசுல அவ்வளவு பெரிய பிள்ளையான்னு அவருகிட்டக் கேளும்மா."

"கணக்குல கேட்டது வயசு, கல்யாணத் தேதி இல்லன்னு சொல்லும்மா."

"மச்சான், உமக்கு டிக்கெட் பிரிண்ட் ஆகித்தான வந்தது, கணக்கு எங்கவே போட்டீரு?"

சொல்லிவிட்டு அவரே திகைத்துப் போனார். மூப்பரும் வாயைத் திறந்தபடி இருந்தார். மச்சான் என்று கூப்பிட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பேரும் உடனே நோட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"ரெண்டு பேர் சொன்னதும் தப்பு" என்றாள் மகள். "பன்னெண்டு, முப்பத்தாறு. இப்ப ப்ளீஸ், ரெண்டு பேரும் எறங்குங்க. பலக தாங்காது."

இறங்கினார்கள். முதலில் யார் இறங்குவது என்பதற்கும் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குப் பிறகு அவள் நிம்மதியாகப் படித்தாள்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி எல்லாம் சேர்த்துக் கணக்கில் நூற்றுக்கு நாற்பத்தொன்று. பாஸ். அம்மன் சக்தி என்று செயலாளர் லட்டோடு வந்தார். ஜெபத்தின் பலன் என்று மூப்பர் கேக்கோடு வந்தார். "ரெண்டு பேரும் சொன்ன மாதிரி நான் எழுதல. அதான் பாஸ்" என்று சொல்லி, மகள் லட்டையும் கேக்கையும் வாங்கிக்கொண்டாள்.

கோயிலில் நன்றிப் பூஜை வைக்க வேண்டும் என்றார்கள். சபையில் நான் வந்து ஆண்டவர் செய்த உதவியைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்றார்கள். இரண்டும் ஒரே சனிக்கிழமை, ஒரே ஏழு மணி, மைக்கோடு. எரிந்த மிஷினை நான் ரிப்பேர் செய்யவில்லை. ஆகவே உள்ளதைத்தான் சொன்னேன்: "ஒரு செட்டுதான் இருக்கு. யாருக்கு முதல்லன்னு நீங்க ரெண்டு பேரும் நேர்ல பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க. நான் நடுவுல நடக்க மாட்டேன்."

இன்னும் முடிவு வரவில்லை. மச்சான் என்று ஒரு தடவை வாய் தவறி வந்ததோடு சரி. கோயில்காரர்கள் அடுத்த கொடைக்கு ஆண்டாப்ஹில்லில் ஒரு டிஜேயைப் பேசியிருப்பதாகக் கேள்வி. சபையும் யாரையோ பார்க்கிறதாம். எனக்கு வேலை குறைந்துவிட்டது. செம்பூர், மாட்டுங்கா பக்கம் காதுகுத்து, வளைகாப்பு என்று சின்னச் சின்னதாகப் பிடித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பாய் இப்போது என்னைக் கண்டால் பெயர் சொல்லாமல் "அல்ஜீப்ரா" என்று கூப்பிடுகிறார்.

மகளுக்கு டிப்ளமோவில் இடம் கிடைத்துவிட்டது. நாளைக்கு முதல் வகுப்பு. மேலே பை அடுக்கிக்கொண்டே, "கீழ இவ்வளவு நேரமா என்னப்பா எழுதுற?" என்று கேட்கிறாள். லெட்டர் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை.